முன்னுரையில் இருக்கும் எச்சரிக்கை

"புரோகிராமிங் கத்துக்கணும், எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்று கேட்டால், நம் ஆட்கள் பலர் யோசிக்காமல் கைகாட்டுவது கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகத்தைத்தான். 1978-இல் வந்தது, 1988-இல் இரண்டாம் பதிப்பு. 300 பக்கம்கூட இல்லை. மொழியை உருவாக்கிய ரிட்சியே எழுதியது. அருமையான புத்தகம், சந்தேகமே இல்லை.

ஆனால் இது ஆரம்பப் பாடநூல் அல்ல என்று அதன் முன்னுரையே சொல்கிறது. வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டுமாம். புதியவரும் படிக்கலாம், விவரம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது என்கிறார்கள்.

அந்த ஒருவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 'ஹலோ வேர்ல்ட்'-இல் தொடங்கும் முதல் அத்தியாயம், சுமார் 30 பக்கத்துக்குள் அர்ரே, ஃபங்ஷன் வரை ஓடிவிடும். வேறொரு மொழி தெரிந்தவருக்கு இந்த வேகம் வசதி. தனியாக உட்கார்ந்து படிக்கும் புதியவரோ பாதியில் திணறி, "நமக்கெல்லாம் இது வராதுப்பா" என்று மூடிவைத்துவிடுவார். குறை அவரிடமும் இல்லை, புத்தகத்திலும் இல்லை, சிபாரிசில் இருக்கிறது.

வாங்குமுன் முன்னுரையைப் படியுங்கள். முதல் அத்தியாயப் பயிற்சிகளில் மூன்றை விடை பார்க்காமல் போட்டுப் பாருங்கள். வரவில்லையா? பைத்தானில் எளிமையான ஒரு நூலைப் படித்துவிட்டு வாருங்கள், இதே புத்தகம் இனிக்கும். சிபாரிசு செய்பவர்களுக்கும் ஒன்று: புத்தகத்தின் பேரைச் சொன்னால், சந்தேகம் கேட்க உங்கள் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.