நற்சான்றும் பொறுப்புக்கூறலும்: வீடமைப்புத் தொழிலை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

வாங்குவோர் முழுமையாகச் சோதித்தறிய முடியாத பண்டங்களுள் வீடு தலையாயது. துணியை விரித்துப் பார்க்கலாம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஆனால் சுவரின் உள்ளே வைக்கப்பட்ட காப்புப்பலகை எத்தகையது, கூரைமரம் எக்காட்டில் வெட்டப்பட்டது, கல் சுமந்தவனுக்கு என்ன கூலி வழங்கப்பட்டது என்பனவற்றைக் குடிபுகுவோர் அறியார். மேற்பூச்சு அனைத்தையும் மறைத்துவிடுகின்றது. இந்நிலையிலேயே மூன்றாந் தரப்பொன்றின் நற்சான்று தேவையாகின்றது. சூழலுக்கு இசைந்த வீடமைப்பு என்னும் கருத்து வலுப்பெற்றுள்ள இன்று, அறநெறி வர்த்தகச் சான்றிதழ்கள் வீடமைப்போரைப் பொறுப்புக்கூற வைக்கும் எனப் பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய சான்றிதழ்களுள் பெரிதும் பேசப்படுவது 'பீ கோர்ப்' என்பதாகும். 2006 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நிறுவப்பட்ட பீ லாப் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு இதனை வழங்கி வருகின்றது. நிர்வாகம், தொழிலாளர், சமூகம், சூழல், வாடிக்கையாளர் ஆகிய ஐந்து துறைகளிலும் மொத்தம் 200 புள்ளிகளுள் 80 ஐயேனும் பெறுதல் வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய விதியாகும். கட்டட நிறுவனங்களும் கட்டடக்கலை நிறுவனங்களும் இச்சான்றிதழைப் பெற்றுள்ளன.

இதன் சிறப்புகள் மறுக்கற்பாலன அல்ல. முதலாவதாக, பங்குதாரரின் இலாபத்தை மட்டுமன்றித் தொழிலாளர், அயலார், சூழல் ஆகியோரதும் ஆகியவற்றினதும் நலனைப் பணிப்பாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதை நிறுவனம் தன் அமைப்பு விதிகளிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. வாய்ச்சொல்லாக இருந்த வாக்குறுதி இதனால் எழுத்துருப் பெறுகின்றது. இரண்டாவதாக, மதிப்பீட்டின் பெறுபேறு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. மூன்றாவதாக, ஒருமுறை பெற்ற சான்று நிரந்தரமன்று. குறித்த கால இடைவெளியில் மீள்மதிப்பீடு நிகழ்கின்றது.

எனினும் இச்சான்றிதழின் எல்லையும் உணரப்படல் வேண்டும். அது நிறுவனத்தை மதிப்பிடுகின்றதேயன்றி, அந்நிறுவனம் கட்டிய வீட்டைச் சோதிப்பதில்லை. வீடமைப்பிலோ வேலை பல உப ஒப்பந்தகாரரின் கைகளுக்கு மாறிச் செல்வது வழக்கம். மேலும், மொத்தப் புள்ளி முறையில் ஒரு துறையில் நேர்ந்த குறையைப் பிறிதொரு துறையின் நிறைவால் ஈடுசெய்ய இடமிருந்தது. 2025 இல் வெளியிடப்பட்ட புதிய தராதரங்கள் மொத்தப் புள்ளியைக் கைவிட்டு, ஏழு விடயங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்ச நிபந்தனைகளை விதித்துள்ளமை இக்குறையைத் திருத்தும் முயற்சி எனலாம்.

சான்றளிப்பின் ஆழமான குறைபாட்டை விளங்கிக்கொள்ள இலண்டன் கிறென்பெல் கோபுரத்தின் துயரத்தை நோக்குதல் தகும். 24 மாடிகள் கொண்ட அக்குடியிருப்பு 2016 இல் புதுப்பித்து முடிக்கப்பட்டது. வீடுகளின் வெப்பம் வீணாகாது காப்பதும் புறச்சுவருக்கு மேலுறை இடப்பட்டமைக்கு ஒரு காரணமாகும். அதாவது, எரிசக்திச் சிக்கனம் என்னும் நன்னோக்கும் அவ்வேலையில் இருந்தது. 2017 யூன் 14 ஆம் திகதி மூண்ட தீ அம்மேலுறை வழியே பரவியது. 72 பேர் உயிரிழந்தனர்.

மேலுறையாகப் பயன்பட்ட பலகை, இரு அலுமினியத் தகடுகளுக்கிடையே எளிதில் எரியும் பொலியெதிலீனைக் கொண்டது. அதற்கும் சான்றிதழ் இருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது. 2008 இல் பிரித்தானிய அக்ரெமோ சபை அதனை வழங்கியிருந்தது. அப்பலகையின் ஒரு வடிவம் தீச்சோதனையில் மிக மோசமாக நடந்துகொண்டமையை உற்பத்தியாளரான ஆர்கோனிக் நிறுவனம் மறைத்தது என, சேர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்தெம்பரில் முடிவு செய்தது. வாடிக்கையாளரை ஈர்க்க வேண்டிய வர்த்தகத் தேவைக்கும் கண்டிப்பான ஆய்வு என்னும் கடமைக்கும் இடையிலான முரண்பாட்டைச் சான்றளித்த சபை சரிவரக் கையாளவில்லை எனவும் அவ்வறிக்கை கண்டித்தது.

அச்சபை கட்டடப் பொருளைச் சோதித்தது; பீ லாப் நிறுவனத்தின் ஒழுக்கத்தை மதிப்பிடுகின்றது. இரண்டும் வெவ்வேறு வகையின என்பது உண்மையே. ஆயினும் சான்று பெறுபவரே சான்றளிப்பவருக்குக் கட்டணம் செலுத்துதலும், சான்று பெறுபவர் தரும் தகவலிலேயே சான்றளிப்பவர் பெரிதும் தங்கியிருத்தலும் இரண்டிற்கும் பொதுவானவை. ஆகவே ஒன்றில் நேர்ந்த தவறு மற்றையதற்கும் எச்சரிக்கையாகின்றது.

இக்குறைக்கு மாற்று இல்லாமலில்லை. மரத்திற்குச் சான்றளிக்கும் வனப் பொறுப்பாண்மைச் சபை 1993 இல் தோன்றியது. சூழல், சமூக, பொருளாதாரத் தரப்பினர் மூன்று அவைகளாகப் பிரிந்து அங்கு சம வாக்குரிமை பெறுகின்றனர். வணிகர் தனித்து விதி வகுத்தல் இயலாது. இதுவும் குறைகூறலுக்கு அப்பாற்பட்டதன்று. எனினும் விதி வகுப்போர் யாவர் என்னும் வினாவை அது முன்வைத்தமை பாராட்டற்குரியது. சான்றிதழுக்கு ஆதாரமான சோதனைப் பெறுபேறுகள் அனைத்தும் அதனுடனேயே வெளியிடப்படல் வேண்டும் என்ற கிறென்பெல் விசாரணையின் பரிந்துரையும் இத்தகையதே.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகச் சட்டம் நிற்றல் வேண்டும். சான்றிதழை இழக்கும் நிறுவனம் தன் பெயரை இழக்கலாம். அதனால் பழுதான வீட்டில் வாழ்பவருக்கு நட்டஈடு கிடைப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022 ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், முன்னர் கட்டி முடிக்கப்பட்ட குறைபாடுள்ள வீடுகள் தொடர்பாக வழக்கிடும் காலத்தை 6 ஆண்டிலிருந்து 30 ஆண்டாக நீடித்தது. ஒரு வேலைக்கென உருவாக்கிய கம்பனியைக் கலைத்துவிட்டு நழுவுவோரைத் தடுக்கும்பொருட்டு, அதனோடு தொடர்புடைய கம்பனிகளையும் பொறுப்பாளியாக்கும் அதிகாரத்தை நீதிமன்றுக்கு வழங்கியது.

தொகுத்து நோக்குமிடத்து, அறநெறிச் சான்றிதழ் பொறுப்புக்கூறலுக்குத் துணையாகலாம். அதன் இடத்தைப் பெறுதல் இயலாது. வீடு வாங்குவோர் சான்றிதழைக் கண்டதும் கேள்வியை நிறுத்திவிடுதல் ஆகாது. எதனைச் சோதித்தனர், எதனைச் சோதிக்கவில்லை, அதற்குப் பணம் தந்தவர் யார், தவறு நேரின் யாரிடம் முறையிடலாம் என்னும் கேள்விகள் அதன் பின்னரே எழுதல் வேண்டும். இவற்றுக்கு விடையளிக்கும் சான்றிதழே மதிப்புடையது.