பழைய ஐ5-க்கு எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஐ5-4590 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2014 வாக்கில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வாங்கிப்போட்ட கணினிகளில் பலவற்றின் உள்ளே இதுதான் இருக்கும். அப்படி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து வரலாம். அதற்குப் பிறகும் பிரவுசர் திறக்க முனகும்.

குற்றவாளி ப்ராசசர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் 100-ல் முட்டிக்கொண்டு நிற்கும். ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல். படிக்கும் முனை இடம்விட்டு இடம் நகரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளில் விநாடிக்கு நூறு முறை படிப்பதே பெரும்பாடு. விண்டோஸ் எழும்போது படிப்பதெல்லாம் அந்த மாதிரிக் கோப்புகள்தான். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லை. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி கூட இதே வேலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும்.

ஆக, முதல் செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. போட்டபின் டெஸ்க்டாப் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. எச்81 சிப்செட்டில் நான்கு சாட்டா போர்ட்களில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகம். மதர்போர்டு மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அதில் சொருகுங்கள். என்விஎம்இ வேகமாயிற்றே என்று அடாப்டர் வாங்கிப் போட ஆசை வரும். அந்தக் காலத்து பயாஸ் பெரும்பாலும் அதிலிருந்து பூட் செய்யாது. மலிவு சாட்டா எஸ்எஸ்டிகளில் டிராம் சிப் இருக்காது, பெரிய கோப்புகளை நெடுநேரம் எழுதும்போது வேகம் படுத்துவிடும். பில் போடவும் படம் பார்க்கவும் அது ஒரு பொருட்டல்ல. பெயர் தெரியாத கம்பெனியின் எஸ்எஸ்டியை மட்டும் தொடாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லும் வாரண்டியும் கேளுங்கள்.

அடுத்தது ரேம். இன்றைய பிரவுசருக்கு 4 ஜிபி பத்தாது. பற்றாக்குறையை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிச் சமாளிக்கும். எஸ்எஸ்டி போட்டால் அந்தத் தாமதம் கண்ணில் படாது, ஆனால் தேய்மானம் எஸ்எஸ்டிக்கு. இருக்கும் 4 ஜிபியோடு இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 சேர்த்தால் இரட்டைச் சேனலும் கிடைக்கிறது; தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ரேமைத்தான் படம் காட்டவும் பயன்படுத்துவதால் அது உதவும். ஒரு பொறி உண்டு. ஆச்சரியப்படும் விலையில் 8 ஜிபி டிடிஆர்3 கிடைத்தால் விளம்பரத்தின் கடைசி வரியைப் படியுங்கள். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று இருந்தால் இன்டெல் போர்டு அதை ஏற்காது.

இந்த இரண்டோடு பர்ஸை மூடிவிடலாம் என்பது என் கட்சி. பழைய ஐ7-4790 வாங்கி மாற்றலாம்தான். நான்கு கோர் நான்காகவே இருக்கும், த்ரெட் மட்டும் எட்டாகும். வீடியோ எடிட்டிங் செய்கிறவர் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கிராபிக்ஸ் கார்டில் இன்னொரு சங்கடம்: எச்81 கொடுப்பது பிசிஐஇ 2.0. நான்கு லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்டு அதில் திணறும். கேம் ஆடியே தீர வேண்டும் என்றால், தனி பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைப் பழையதில் தேடலாம், அதுவும் எஸ்எம்பிஎஸ் நல்ல நிலையில் இருந்தால். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நான் நம்ப மாட்டேன்.

இனி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0-உம் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும்; இந்த ஐ5 அதைவிடப் பழையது. குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸ் 10-லேயே இருப்பவர் வீட்டுப் பயனர் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். பிரவுசரும் யூடியூபும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம். ஆனால் பிரின்டர் ஓடுகிறதா என்று பென் டிரைவிலிருந்தே பூட் செய்து முதலில் பார்த்துவிடுங்கள். டேலி ஓடும் கடைக்கு லினக்ஸ் சரிப்படாது, என்றாவது புதுக் கணினிக்குப் போயாக வேண்டும். அங்கே எஸ்எஸ்டிக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்: சாட்டா போர்ட் உள்ள புது போர்டிலும் அது வேலை செய்யும். டிடிஆர்3 ரேம் அப்படியில்லை, புது போர்டின் ஸ்லாட்டில் அது உட்காரவே உட்காராது. எனவே 8 ஜிபிக்கு மேல் அதில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.