குமரப்பாவின் இயேசு

காரமடையில் மாசித் தேர் ஓடுகிற நாளில் மதம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. அது தெருவில் இருக்கிறது. பந்த சேவையின் புகை கண்ணைக் கரிக்க, திண்ணையில் உட்கார்ந்து நான் படித்துக்கொண்டிருந்தது ஜே. சி. குமரப்பாவின் சிறிய ஆங்கில நூல். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. 'இங்கேயா இதைப் படிப்பது?' என்று நண்பர் சிரித்தார். மதம் தெருவுக்கு வரலாம், அரசியலுக்கு மட்டும் வரக்கூடாது என்பது நம் காலத்து ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போடாதவர் குமரப்பா.

1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அந்தத் தொழிலை நடத்தி, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துத் திரும்பினார். 1929இல் காந்தியைச் சந்தித்தார். மறு வருஷம், சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாது என்று ஆங்கிலப் பேராயர் வெஸ்ட்காட் சொன்னபோது, அவரோடு கடிதத்தில் மல்லுக்கு நின்றார். தடியடியைக் கண்டு வாய் திறக்காத சபைக்குச் சத்தியாக்கிரகிக்கு உபதேசம் செய்ய என்ன யோக்கியதை என்பதுதான் சண்டையின் சாரம்.

ஜபல்பூர் சிறையில் எழுதிய இந்த நூல் 1945இல், காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது. கணக்கர் எழுதிய வேத விளக்கம் இது. பண்டிதர்கள் பரலோகத்தைப் பார்க்கிற இடத்தில் இவர் வரவு செலவைப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பக்தியும் மற்ற ஆறு நாள் சுரண்டலும் ஒரே பேரேட்டில் நிற்காது என்கிறார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இவருடைய இயேசு சில இடங்களில் ஆசிரமவாசியாகவே ஆகிவிடுகிறார். சிலுவையின் தனிமை காணோம்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. இந்த நூலின் கிறிஸ்தவனுக்கு அரசியலில் கொடுக்கத்தான் உண்டு, கேட்க ஒன்றுமில்லை. வசதியாகப் பிறந்தவர் அப்படி எழுதலாம். நம் கொங்கு நாட்டுச் சேரி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அண்ணன் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறான். தம்பி ஜெபவீட்டுக்குப் போகிறான். குடிசை பக்கம் பக்கம். டீக்கடையில் பட்ட அவமானமும் ஒன்றேதான். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை அண்ணனைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது, தம்பியை நீக்கியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டபோதுகூடத் தம்பி வெளியேதான் நின்றான். மதம் பாராத அரசு இந்த ஓரிடத்தில் மட்டும் மதத்தைக் கூர்ந்து பார்க்கிறது!

1945இல் எழுதியவரிடம் 1950இன் கேள்விக்கு விடை கேட்பது நியாயமில்லைதான். ஆனால் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்த தேவாலயங்கள் தமிழ்நாட்டில் அப்போதும் இருந்தன. பேராயரிடம் காட்டிய கோபத்தில் பாதியையாவது அந்தச் சுவர்களைப் பார்த்தும் காட்டியிருக்கலாம். இந்தப் பக்கங்களில் அந்தச் சூடு எனக்குப் போதவில்லை.