துணிக்காக எழுந்த கோயிலா?

இத்தாலியின் உம்பிரியாவில், எரிமலைப் பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது ஓர்வியெத்தோ. கறுப்பும் வெள்ளையுமாகக் கல்வரி ஓடும் அதன் பேராலயத்துக்கு ஊரார் சொல்லும் காரணம் ஒன்றுதான். 1263இல் பொல்சேனாவில், நற்கருணை அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பதில் ஐயம் கொண்ட பாதிரியார் ஒருவர் பூசை வைத்தபோது அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துணியில் படிந்ததாம். அந்தத் துணியை வைக்கத்தான் கோயிலாம்.

கதைக்குப் பக்கபலம் இல்லாமல் இல்லை. பாப்பரசர் நான்காம் உர்பன் அப்போது ஓர்வியெத்தோவில்தான் தங்கியிருந்தார். மறு ஆண்டே கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். கச்சிதமான பொருத்தம், சற்று அதிகக் கச்சிதம். விழாவை அறிவித்த அவருடைய ஆணைமடலில் பொல்சேனாவைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அந்த விழா லியேஜ் மறைமாவட்டத்தில் 1246லேயே ஏற்படுத்தப்பட்டது. உர்பன் முன்பு அங்கே பணியாற்றியவர். அவர் விழா எடுத்ததற்கு அற்புதம் ஒன்று தேவைப்படவில்லை.

மடலின் மௌனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது சரியே. கல்லைக் கேட்போம். 1290இல் பாப்பரசர் நான்காம் நிக்கோலஸ் அடிக்கல் நாட்டிய கோயில் விண்ணேற்பு மாதாவுக்கு உரியது. முகப்பின் நான்கு தூண்களிலும் புடைப்புச் சிற்பங்கள்: உறங்கும் ஆதாமின் விலாவைத் திறக்கும் இறைவன், கிறிஸ்துவின் வாழ்க்கை, நரகத்தில் பேய்களிடம் சிக்கிக் கதறுகிறவர்கள். 1310 முதல் பணிக்குத் தலைமை ஏற்ற லொரென்சோ மைத்தானியின் காலத்தவை இவை. துணிக்காகவே கட்டிய கோயில் என்றால், அந்தக் கதைக்கு இங்கே ஒரு சாண் கல்லாவது ஒதுக்கியிருக்க மாட்டார்களா? பொல்சேனா இல்லவே இல்லை.

அந்தக் கதை நமக்குத் தெளிவாகத் தெரிவது 1337–38இல், சியெனாப் பொற்கொல்லர் உகொலினோ தி வியேரி துணியை வைக்கச் செய்த வெள்ளிப் பேழையில். எனாமல் தகடுகளில் பாதிரியாரும் துணியும் காட்சி காட்சியாக வருகிறார்கள். பேழையின் வடிவமோ பேராலய முகப்பையே ஒத்திருக்கிறது. கோயிலைப் பார்த்துப் பேழை செய்திருக்கிறார்கள். பேழைக்காகக் கோயில் எழவில்லை. துணிக்கென்று தனிச் சிற்றாலயம் கட்டியதும் அதன் சுவர்களில் அற்புதத்தைத் தீட்டியதும் அதற்கும் பிறகுதான்.

ஆகவே ஊர்க்கதை அந்தச் சிற்றாலயத்துக்குப் பொருந்தும், பேராலயத்துக்குப் பொருந்தாது.