லெலி துரையின் மாடிப்படி

'சத்திய சோதனை'யை மகாத்மாவின் நூலென்று பக்தியோடு படிக்கிறவர்கள், 1888-ல் சீமைப் படிப்புக்குப் பணம் தேடி அலைந்த பையனைக் கவனியாமல் போய்விடுகிறார்கள். செலவு நாலைந்தாயிரம் ரூபாய் என்கிறார் குடும்ப நண்பர். மாட்டு வண்டி, பிறகு ஒட்டகம் என்று போர்பந்தர் போய்ச் சேருகிறான். சொல்லவேண்டிய வாக்கியங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு, லெலி துரைக்கு இரண்டு கையாலும் சலாம் வைக்கிறான். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த துரையோ, முதலில் பி.ஏ. தேறிவிட்டு வரச்சொல்லிவிட்டு விறுவிறென்று மேலே போய்விடுகிறார். அவமானம் என்ற சொல்லே அங்கே கிடையாது. கதை எழுதுகிற நாங்களாயிருந்தால் இரண்டு பக்கம் அழுது தீர்த்திருப்போம்!

அடுத்து, மனைவியின் நகை. விற்றால் இரண்டு மூவாயிரம் தேறும் என்ற கணக்கோடு பேச்சு முடிகிறது. தமையனார் பணத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறார். கைக்குழந்தையோடு ஊரில் தங்கப்போகிற கஸ்தூரிபாய் என்ன நினைத்தார்? ஒரு வரி இல்லை. தம் குறைகளை வேறிடங்களில் ஒளிக்காமல் எழுதியவர் அவர்; ஆகவே மறைத்தார் என்று சொல்லமாட்டேன். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். லண்டனில் வண்டிக் கூலி, தபால் செலவு வரை இரவுதோறும் கணக்கெழுதியதை விஸ்தாரமாகச் சொல்கிறார். நகைக்கு மட்டும் ஓரிரு வாக்கியம்.