டோட்டல் கமாண்டர் இருக்கக் கவலை எதற்கு?

கல்யாண போட்டோ வேலையில் படம் எடுப்பது பாதிதான். மண்டபத்திலிருந்து வந்து கார்டுகளைக் கணினியில் இறக்கியதும் மீதிப் பாதி ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான படங்களைப் பிரிக்க வேண்டும், பெயர் மாற்ற வேண்டும், இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பாதியை நான் ஆசையாகச் செய்கிறேன் என்றால் அதற்குக் காரணம் டோட்டல் கமாண்டர் என்ற கோப்பு மேலாண்மை மென்பொருள். விண்டோஸில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் கிஸ்லர் 1993-இல் இதை 'விண்டோஸ் கமாண்டர்' என்று வெளியிட்டார். 'விண்டோஸ்' என்ற சொல்லுக்கு மைக்ரோசாஃப்ட் உரிமை கோரியதால் 2002-இல் இன்றைய பெயர் வந்தது. இதன் வம்சம் இன்னும் பழையது. டாஸ் காலத்தில், 1986-இல், ஜான் சோஷா உருவாக்கிய நார்ட்டன் கமாண்டர்தான் மூதாதை. திரையை இரண்டாகப் பிளந்து எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் ஒருசேரக் கண் முன்னால் வைத்த அந்த யோசனைக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்! இடப்பக்கம் கேமரா கார்டு, வலப்பக்கம் ஹார்டு டிஸ்க். எஃப்5 அடித்தால் காப்பி, எஃப்6 அடித்தால் இடமாற்றம், எஃப்7 அடித்தால் புது ஃபோல்டர். டேப் விசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவ வைக்கும். மவுஸைத் தேடிக் கை போவதே இல்லை.

சரி, ஒரு வேலையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். முகூர்த்தத்துக்கு இரண்டு பேர் நின்று எடுக்கிறோம். இரண்டு கேமராவும் ஒரே மாதிரிதான் எண் போடும். எங்கள் இருவர் கார்டிலும் 0412 என்று ஒரு படம் இருக்கும். ஒன்று தாலி கட்டும் படம், இன்னொன்று பந்தி. இரண்டு ஃபோல்டரையும் உள்ளடக்கிய மேல் ஃபோல்டரில் நின்று கண்ட்ரோல்+பி அழுத்துகிறேன். உள்ளே எத்தனை அடுக்கு இருந்தாலும் அத்தனை படமும் ஒரே பட்டியலாக விரிகிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+எம். பெயர் மாற்றும் ஜன்னல் திறக்கிறது. தேதி, நேரம், கடைசியில் வரிசை எண் என்று அமைக்க அமைக்க, பழைய பெயருக்குப் பக்கத்திலேயே புதுப் பெயர் மாறிக்கொண்டே வருகிறது. நான் 'சரி' சொல்லும்வரை எந்தக் கோப்பும் அசையாது. சொன்ன பிறகு மனம் மாறினாலும் பழைய பெயரைத் திருப்பித் தர அங்கேயே ஒரு பட்டன் உண்டு. கேமரா கடிகாரங்கள் ஒத்திருந்தால் போதும், மாலை மாற்றுவதிலிருந்து மறுவீடு வரை கல்யாணம் நடந்த வரிசையிலேயே படங்கள் அணிவகுத்து நிற்கும். இதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்றுவரை குறையவில்லை.

காப்பி சரியாக எடுத்தோமா என்ற பயத்துக்கும் மருந்து இதிலேயே இருக்கிறது. இரண்டு ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் வசதியில் உள்ளடக்கத்தைக் கொண்டே ஒப்பிடச் சொல்லலாம். பெயரும் அளவும் ஒன்றாக இருக்கிறதே என்று அது விட்டுவிடாது. பைட் பைட்டாகப் படித்துப் பார்க்கும். எல்லா வரியிலும் சமக்குறி வந்தால்தான் நான் கார்டை அழிப்பேன்.

சின்னச் சின்ன சுகங்கள் ஏராளம். ஃபோல்டர் மேல் ஸ்பேஸ் விசை தட்டினால் அதன் அளவு தெரியும். ஜிப் கோப்புக்குள் சாதாரண ஃபோல்டர் மாதிரியே நுழையலாம். எஃப்3 எவ்வளவு பெரிய கோப்பையும் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்து காட்டும். 2009-இல் வந்த 7.5 பதிப்பு முதல் யூனிகோடு பெயர்களும் சரியாக வருகின்றன; எங்கள் ஃபோல்டர்களெல்லாம் 'நிச்சயதார்த்தம்', 'நலங்கு' என்று அழகாகத் தமிழிலேயே இருக்கின்றன.

ஒருமுறை காசு கொடுத்துப் பதிந்துகொண்டால் அடுத்தடுத்த பதிப்புகளெல்லாம் இலவசம். வருடா வருடம் சந்தா கேட்கும் இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவர் மென்பொருள் விற்கிறார்! வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு இதே பாணியில் டபுள் கமாண்டர் இலவசமாகவே கிடைக்கிறது. எதை நிறுவினாலும், உங்களிடம் இருப்பதிலேயே படு குழப்பமான போட்டோ ஃபோல்டருக்குள் போய் முதலில் கண்ட்ரோல்+பி அழுத்திப் பாருங்கள்.