கண்ணாடிக்குள் இருக்கிறவள் யார்? 1863-ன் ஒரு கார்ட்டூன் பற்றி

விக்டோரியா காலத்துப் பெண்கள் உடை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கோர்செட். இடுப்பை இறுக்கிக் கட்டுவது, மூச்சு முட்டுவது, மயங்கி விழுவது. சினிமாவும் சீரியலும் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான். நானும் அந்தக் கோர்செட் கதைகளைத் துருவப் போய்த்தான் இந்தப் படத்தில் வந்து மாட்டிக்கிட்டேன்.

லண்டனின் 'பஞ்ச்' வார இதழில் 1863 ஜூலையில் வந்த கார்ட்டூன். வரைந்தவர் ஜான் டென்னியல். 'ஆலிஸின் அற்புத உலகம்' புத்தகத்தின் முயலையும் தொப்பிக்காரரையும் வரைந்த அதே டென்னியல்தான். தலைப்பைத் தமிழில் 'பேய் பிடித்த சீமாட்டி' என்று வச்சுக்கலாம். அகலமான புது கவுன் போட்ட ஒரு பணக்காரப் பெண் ஆளுயரக் கண்ணாடி முன் நிற்கிறாள். பக்கத்தில் தையற்கடை முதலாளியம்மா. கண்ணாடிக்குள்ளோ, அந்த கவுனைத் தைத்த பெண் துவண்டு செத்துக் கிடக்கிறாள். என்ன தியாகம் செய்தாவது உங்களை ஏமாற்றாமல் முடித்துக் கொடுத்துவிட்டோம் என்ற பொருளில் முதலாளியம்மா பெருமையாகப் பேசுவதுதான் படத்தின் அடியில் உள்ள வரி.

முதல் தடவை பார்த்தப்போ அசந்துட்டேன். 160 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு நகைச்சுவைப் பத்திரிகைக்கு இவ்வளவு துணிச்சலா என்று நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பின்னணியைப் படிக்கப் படிக்க அந்த உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடுச்சு. படம் மோசம் என்று சொல்ல வரவில்லை. அது எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதுதான் என் பிரச்சினை.

நடந்தது என்ன?

மேரி ஆன் வாக்லி. வயது 20. லண்டன் ரீஜண்ட் தெருவில் 'மேடம் எலீஸ்' என்ற உயர்தரத் தையற்கடையில் வேலை. அந்த வருஷம் மார்ச்சில்தான் இளவரசர் எட்வர்டுக்கும் டென்மார்க் இளவரசி அலெக்ஸாண்ட்ராவுக்கும் கல்யாணம். புது இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துகள் வரிசையாக நடந்தன. எல்லாப் பெண்களுக்கும் புது கவுன் வேணும், அதுவும் உடனே வேணும்.

மேரி இடைவிடாமல் இருபத்தாறரை மணி நேரம் வேலை செய்தாள் என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் பதிவு செய்கிறார். அவளோடு 60 பெண்கள். அறைக்கு 30 பேர். அத்தனை பேர் மூச்சு விடத் தேவையான காற்றில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அங்கே இடம். தூங்குவதற்குப் பலகை வைத்துத் தடுத்த பொந்துகள், ஒரு படுக்கைக்கு இரண்டு பேர். வெள்ளிக்கிழமை உடம்புக்கு முடியாமல் போன மேரி, ஞாயிற்றுக்கிழமை இறந்தாள்.

விஷயம் வெளியே வந்தது எப்படி என்பது முக்கியம். அதே கடையில் வேலை செய்த ஒரு பெண் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினாள். பெயர் போடவில்லை, 'களைத்துப்போன ஒரு தையல்காரி' என்று மட்டும் கையெழுத்து. அந்தக் கடிதம்தான் லண்டனைக் குலுக்கியது. டென்னியல் படம் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது.

படத்தில் இல்லாதவர்கள்

இப்போ படத்தை மறுபடி பாருங்க. கடிதம் எழுதிய பெண் எங்கே? காணோம். உயிரோடு இருந்து, பேனா எடுத்து, வேலை போகும் ஆபத்தோடு எழுதியவள் அவள். படத்திலோ தையல்காரி என்றால் பேசாத பிணம், இன்னொருத்தி கண்ணில் படும் பேய். பாவப்படத்தான் அவளுக்கு அனுமதி, பேச இல்லை.

இது டென்னியலோடு ஆரம்பித்த பழக்கம் இல்லை. தாமஸ் ஹூட் தையல்காரியின் துயரைப் பாடிய 'சட்டையின் பாட்டு' 1843-ல் இதே பஞ்சில்தான் வந்தது. அதன் தாக்கத்தில் ரிச்சர்ட் ரெட்கிரேவ் வரைந்த ஓவியத்திலும் ஒரு பெண் நடுராத்திரியில் தனியாக உட்கார்ந்து தைக்கிறாள், கண்கள் மேலே பார்க்கின்றன. எல்லாவற்றிலும் அவள் தனி ஆள். மேரியோ 60 பேரில் ஒருத்தி! முப்பது பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த அறையை வரைந்தால் 'ஏன் இந்த அறை இப்படி இருக்கு?' என்று கேட்கத் தோணும். ஒருத்தியை மட்டும் வரைந்தால் 'ஐயோ பாவம்' என்பதோடு முடிஞ்சுடும்.

அடுத்து, பில் கட்டும் ஆள் எங்கே? அன்றைய இங்கிலாந்தில் மணமான பெண்ணின் பணமும் சொத்தும் பெரும்பாலும் கணவன் கையில். 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் அது மாறியது. மனைவியின் பளபளப்பு கணவனின் அந்தஸ்துக்கு விளம்பரம். ஆனால் கண்ணாடி முன்னால் நிற்பது அவள் மட்டும். வாங்குகிறவள் பெண், விற்கிறவள் பெண், செத்தவள் பெண். மொத்த விவகாரமும் பெண்களுக்குள் நடந்த மாதிரி ஒரு தோற்றம்.

பஞ்ச் இதழுக்கு இந்தப் பார்வை புதிதல்ல. 1856-ல் எஃகு வளையக் கூடு வைத்த கிரினோலின் வந்ததிலிருந்து, கதவில் நுழைய முடியாத பாவாடை, நடைபாதையை அடைக்கும் பாவாடை என்று வருஷக்கணக்கில் கிண்டல் அடித்த பத்திரிகை அது. பெண்ணின் வீண் பகட்டு என்ற பழைய ஜோக்கைத்தான் இங்கே சோகமாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோணுது.

இன்னொரு உதாரணம். 1861 நவம்பரில் லண்டனில் மட்டில்டா ஷொய்ரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். செயற்கைப் பூக்களின் இலைகளுக்கு ஆர்சனிக் கலந்த பச்சைப் பொடி தூவுவது அவள் வேலை. சாகும்போது கண்ணின் வெள்ளைகூடப் பச்சையாகிவிட்டிருந்தது. அடுத்த பிப்ரவரியில் பஞ்ச் 'ஆர்சனிக் வால்ட்ஸ்' என்று ஒரு படம் போட்டது. எலும்புக்கூடு ஆண் ஒருவன் எலும்புக்கூடு பெண்ணை நடனத்துக்கு அழைக்கிறான். தலைப்பில் வியாபாரிகளை ஒரு குத்து குத்தியிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் செத்தது பூச்செடி செய்தவள், படத்தில் எலும்புக்கூடானது பூ சூடியவள்!

டென்னியலுக்கு நியாயமாக

ஒரு பக்கமாகவே பேசக்கூடாது. முதலாளியம்மாவை அவர் விட்டுவைக்கவில்லை. 'தியாகம்' என்ற சொல்லை அவள் வாயில் வைத்தது கூர்மையான அடி. தியாகம் செய்தவள் ஒருத்தி, பெருமை அடிக்கிறவள் இன்னொருத்தி. பஞ்சின் வாசகர்கள் வீட்டில்தான் அந்த கவுன்கள் தொங்கின. அவர்கள் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிக்கத் தைரியம் வேணும். மேரியை நான் தேடிப் படித்ததே இந்தப் படத்தால்தானே?

இருந்தாலும் ஒரு கேள்வி. அந்தச் சீமாட்டி மனம் திருந்தி கவுனைத் திருப்பிக் கொடுத்திருந்தால்? அந்த அறையில் காற்று கூடியிருக்காது. தையல்காரிகள் சீசனில் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று 1843-லேயே அரசு விசாரணை அறிக்கை விலாவாரியாகச் சொல்லிவிட்டது. இருபது வருஷம் லண்டன் பரிதாபப்பட்டுக்கொண்டே இருந்தது. சிறிய பட்டறைகளின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1867-ல்தான் வந்தது. அதற்கும் பல ஓட்டைகள்.

இது ஏன் என்னை இவ்வளவு உறுத்துது? சாஃப்ட்வேர் ஆளுக்கு 'ரிலீஸ் நைட்' புதுசில்லை. பல வருஷம் முன்னாடி, அப்போ இருந்த ஒரு கம்பெனியில், இரண்டாவது நாள் காலை வரை ஒரு டீமே எழுந்திருக்கவில்லை. முடிஞ்சதும் மேனேஜர் கிளையண்டுக்கு மெயில் போட்டார், டீம் செய்த தியாகத்தைப் பாராட்டி. படத்தின் அடி வரியைப் படித்ததும் எனக்கு அந்த மெயில்தான் ஞாபகம் வந்தது. எங்களையும் மேரியையும் ஒன்றாக வைக்க மாட்டேன். எங்களுக்கு ஏசி இருந்தது, பீட்சா வந்தது, வீட்டுக்குப் போக கேப் வந்தது. ஆனால் அந்தத் தேதியைக் கிளையண்ட் கேட்கவே இல்லை, எங்க பக்கமே ஒத்துக்கிட்ட தேதி அது என்பது பிறகுதான் தெரிந்தது. கிளையண்டின் மனசாட்சியை உலுக்கி என்ன பிரயோஜனம்?

அதனால் இந்தப் படத்தை யாராவது பகிர்ந்தால், கூடவே அந்தக் கடிதத்தையும் சொல்லுங்க. பேயாக வந்து பயமுறுத்தியவளைவிட, பெயர் போடாமல் எழுதினாளே, அவளைப் பற்றித்தான் எனக்கு இன்னும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.